ஏர்கோன் அறையில் பன்னிரண்டு முட்டை

செவ்வாய். காலையிலிருந்தே வெயில்.

முட்டைத் தட்டை மறுபக்கம் சாய்த்தேன். ஒரு முனைக்கு அடியில் பிஸ்கட் டின். கூர்முனை கீழே. பன்னிரண்டும் சரி. படுக்கையறை ஏர்கோன் பதினெட்டில். நான் ஹாலில் படுக்கிறேன்.

டெங்கிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன காலைவரை என் மனைவி தேவி சேர்த்து வைத்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலில் தேதி. அவளோடு நான் அங்கே கிடந்தபோது கோழிகளையும் சேவலையும் உடும்பு தீர்த்துவிட்டது. அவள் வளர்த்ததில் மிச்சம் இதுதான்.

பொரிக்கும் பெட்டி தயார். பாசார் மீன்கடையில் வாங்கிய பெட்டி, பல்பு, தெர்மோஸ்டாட். அவளுக்காக நான் செய்தது. இன்றே வைக்கலாம் என்றேன். அத்தை, தேவியின் அம்மா, விடவில்லை.

"துக்க வீட்டுல புதுசா ஒன்னும் ஆரம்பிக்கக் கூடாது மாப்ள. ஞாயித்துக்கெழம காரியம் முடியட்டும்லா."

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரிதான். குளிரில் கரு தூங்கும். ஆனால் நாளாக ஆக பொரிப்பது குறையும். ஞாயிறுவரை குளிரில் இருந்தால் பாதியாவது தேறலாம்.

புதன். மேகம். மழை இல்லை.

அவள் செருப்பு வாசலிலேயே. யாரும் எடுக்கவில்லை, நானும்.

ஹாலில் ஆள் நடமாட்டம் என்று தேவியின் படத்தையும் விளக்கையும் அத்தை படுக்கையறைக்கு மாற்றிவிட்டார். காரியம்வரை விளக்கு அணையக் கூடாது.

பக்கத்து வீட்டுக் கமலா அக்கா எட்டிப் பார்த்து, "முட்டைக்கு ஏர்கோனா! எனக்கே வீட்டுல காத்தாடிதான்லா." சிரித்துவிட்டுச் சட்டென வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெள்ளி. கொளுத்துகிறது.

லீவு கேட்க, பத்து பெரண்டாமில் நான் வேலை செய்யும் பேக்டரிக்குப் போனேன். கிடைத்தது. வழியில் ஜாம். திரும்பும்போது சாயங்காலம்.

அறைக் கதவைத் திறந்தால் வெக்கை. ஏர்கோன் ஓடவில்லை. விளக்கு அசையாமல் எரிகிறது.

"காத்துக்கு அணைஞ்சு அணைஞ்சு போச்சு மாப்ள. காலையிலயே ஏர்கோன அடைச்சிட்டேன். எம்புள்ள இருட்டுல நிக்கக் கூடாதுல்ல. முட்டைக்கும் சூடுதானே நல்லது?"

முப்பத்து மூன்று டிகிரி. தொட்டால் வெதுவெதுப்பு. பொரிக்கிற சூடும் இல்லை, தூங்கவைக்கும் குளிரும் இல்லை. கரு பாதி விழித்து அப்படியே போயிருக்கும். பழைய முட்டை வேறு.

அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. ஏர்கோனைத் திரும்பப் போடவும் இல்லை.

ஞாயிறு. தூறல். காரியம் முடிந்தது.

எல்லோரும் போனபின் அத்தையே மீன் பெட்டியைத் துடைத்து ஹாலில் வைத்தார். முட்டைகளை முந்தானையில் ஏந்தி வந்து ஒவ்வொன்றாக நீட்டினார்.

"இது அவ எழுத்துதானே?"

"ஆமா அத்தை."

வாங்கி அடுக்கினேன். பல்பைப் போட்டேன்.

"எப்ப பொரிக்கும் மாப்ள?"

"இருபத்தியோரு நாளு."

"அப்ப அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."

சரி என்றேன்.