இரும்பு மேசையில் பட்டால் மட்டும்

நேற்று மிக்ஸியின் அறுந்த வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் உருகி எழுந்த புகை மூக்கில் ஏறியதும், பீன்யா தொழிற்பேட்டையில் நாம் வேலை பார்த்த பட்டறைக்குப் போய்விட்டேன். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நீ அந்த ஊரிலேயே பிறந்த மர்பி டவுன்காரி. நான் திருப்பத்தூரிலிருந்து டிப்ளமோவோடு வந்தவள். இருவருக்கும் ஒரே வயது. லாரி பிரேக்குக்குப் போகும் புஷ் என்னும் உலோக வளையங்களை டிஜிட்டல் காலிப்பரால் அளந்து நோட்டில் எழுதுவது உன் வேலை. கம்ப்யூட்டரும் வயரிங்கும் என் பொறுப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் கை கழுவும் இடத்தில் என்னை நிறுத்திச் சொன்னாய்:

"சின்ன நம்பரெல்லாம் நெளியுதுடி. டாக்டர் இது சரியாகாதுன்னுட்டாரு. வெளிய தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சொல்லாம இருந்தா, ஒரு தப்பான பீஸ் என் கையால போயிருமோன்னு பயமா இருக்கு."

அன்றே ஆரம்பித்தேன். காலிப்பரிலிருந்து வயர் இழுத்து, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் வழியாகக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். அளவு திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். எண் ஒழுங்காக வந்து சேர்ந்தால் 'பீப்' என்று ஒலிக்கும். என் மர மேசையில் அழகாக வேலை செய்தது. உன் இடத்துக்குக் கொண்டுவந்ததும் கெட்டது. இருபத்தைந்து மில்லிமீட்டர் புஷ்ஷை எண்ணூறு என்றது. அடுத்த முறை ஒன்றுமே காட்டவில்லை.

மூன்று நாள் போராடினேன். வயரை மாற்றினேன், சிப்பை மாற்றினேன், புரோகிராமை முதலிலிருந்து எழுதினேன். மூன்றாம் நாள் மதியம் முதலாளி இதைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதே விட்டேன். நீயோ காலிப்பரைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தாய்.

"ஏய், கொஞ்சம் கண்ணை மூடிட்டுக் கேளு" என்றாய்.

கேட்டேன். பீப். பீப். பிறகு மௌனம். மறுபடி பீப்.

"நீ நம்பரையே பாத்துட்டிருக்க. எனக்குத்தான் நம்பரைப் பாக்குற பழக்கமே போயிருச்சே, நான் சத்தத்தைக் கேட்டுட்டிருந்தேன். கையில தூக்கிப் பிடிச்சா கத்துது. இந்த இரும்பு மேசைல பட்டா மட்டும் கம்முனு ஆயிடுது."

மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தேன். காலிப்பரின் உடம்பு அதன் பேட்டரியின் பாசிட்டிவோடு சேர்ந்திருந்தது. உன் மேசையோ எர்த் வழியாகக் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருந்தது. இரண்டும் தொட்ட கணத்தில் ஷார்ட் ஆகி, பேட்டரியின் ஒன்றரை வோல்ட் செத்துப்போனது. நான் படித்த படிப்பெல்லாம் பார்க்காததை நீ உட்கார்ந்த இடத்தில் கேட்டுவிட்டாய். நீ அதற்குள் எழுந்துபோய் ஸ்டோரிலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாய். அதன்பின் ஒரு பீப் கூடத் தவறவில்லை.

மதியம் முதலாளி திரையைப் பார்த்து மகிழ்ந்துபோனார். மேசையால் வந்த கோளாறைச் சொன்னேன். "அதை யாரு கண்டுபிடிச்சது?" என்றார். உன் ரகசியம் வெளியே வந்துவிடுமே என்று நான் தயங்கினேன். நீ தயங்கவில்லை.

"நான்தான் சார், சத்தத்தை வெச்சு. எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. காலிப்பர்ல இருக்கிற நம்பர் தெரியாது. இதுல தெரியுது."

"நிஜவா?" என்று அவர் கன்னடத்தில் கேட்டார். பிறகு தாமே பத்து புஷ்களைக் கலந்து எடுத்து உன் முன் வைத்தார். அதில் மூன்று கழிக்க வேண்டியவை. நீ ஒவ்வொன்றாக அளந்து, மூன்றையும் தனியே எடுத்து வைத்தாய்.

"சரி, நாளைக்கும் இங்கயே உக்காரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மேசையில் இன்னும் ஆறு வருடம் உட்கார்ந்தாய்.

இப்போதெல்லாம் ஒரு கருவி பழுதென்று வந்தால், அதைத் திறப்பதற்கு முன் அதோடு நாளெல்லாம் இருப்பவரிடம் போய் உட்காருகிறேன். போன மாதம் எனக்கு ஒரு காது கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் மறைத்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் எழுந்து, "எனக்கு இடது காது கேக்காது, இந்தப் பக்கம் வந்து பேசுங்க" என்றேன். எல்லோரும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.