மீனா ஊதுகிறாள் என்றாள் அம்மா

என் மீனாக்காவுக்கு,

எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. கரமனை வீட்டில் நானும் அம்மாவும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சாலைக் கடைத்தெருவில் அந்த ஜவுளிக்கடைக்கு மதியம் வரை கணக்கு எழுதிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு அம்மாவிடம் ஓடி வந்துவிடுகிறேன்.

உன் டின் விசிலைத் தொடக் கூடாது என்றுதான் இருந்தேன். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆன்லைனில் வாங்கி, மொபைலில் வீடியோ பார்த்து நீ ஊதிப் பழகிய அந்தத் தகரக் குழல், நீ போன பிறகு ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. அம்மாதான் விடவில்லை. மறதி முற்றிவிட்டது, அவளுக்கு நாளும் கிழமையும் தெரியாது. ஆனால் சாயங்காலக் காப்பி குடித்ததும் கதவைப் பார்ப்பாள். "பீப்பிச் சத்தம் கேக்கலியே, மீனா எங்கட்டி?" நீ இறந்துவிட்டாய் என்று சொன்னால் தலையாட்டுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கேள்வி. உனக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, அக்கா.

ஒரு நாள் தாங்க முடியாமல் அதை எடுத்து ஊதினேன். இடதுகை விரல்களை ஒவ்வொன்றாக வைத்தபோது மேல் சுரங்கள் எப்படியோ வந்தன. ஆறு துளைகளையும் மூடி மெதுவாக ஊத வேண்டிய அந்தக் கீழ் சுரம் மட்டும் கிறீச்சிட்டது. உனக்கும் அங்கேதானே பிசகும்? உன் வலதுகை மோதிர விரல் கதவில் நசுங்கி வளைந்தது, அதனால் கடைசித் துளை மூடாது. என் விரலுக்கு ஒரு கேடும் இல்லையே, பிறகு எப்படி அதே கிறீச்?

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "வந்திட்டியா மக்கா?"

மாடி வீட்டு ஷோபா வேகமாக இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "ஈஸ்வரா, ஞான் கருதி மீனச்சேச்சி ஆணென்னு!" நீ என்றே நினைத்துவிட்டாளாம். என் கையிலிருந்த விசிலைப் பார்த்த பிறகும் வாசல்படி தாண்டி உள்ளே வரவில்லை.

அன்று அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். அதற்காகவே தினமும் ஊதினேன். கிறீச்சிடும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிச் சிரிப்பாள். என்னை மீனா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் கடையிலிருந்து வந்து பார்த்தால், பூஜை அலமாரியில் என் கல்யாணப் படம். நெற்றியில் சந்தனம் வைத்து, ஒரு செம்பருத்தியும் சாத்தியிருந்தாள். உன் படத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"அம்மா, இது என் படம்லா?"

அவள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைத் தடவினாள். "அழாத மக்கா. உன் தங்கச்சி செல்வி போய்ட்டா. நமக்கு அவ்வளவுதான் குடுத்து வச்சிருக்கு." எனக்காக அவள் அழுதாள். நான் செத்துவிட்டேன் என்று நான் உயிரோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கை என்னவோ சில்லென்றிருந்தது. நீ இதைப் பார்த்துக்கொண்டிருந்தாயா?

அன்று சாயங்காலம் விரலைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். துளையை விரல் நுனியால் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். விரலின் சதைப்பகுதியைத் தட்டையாக வைத்தேன், மூச்சைக் குறைத்தேன். கீழ் சுரம் கிறீச்சில்லாமல், தாழ்ந்து, நிறைவாக வந்தது. இந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம்.

அம்மா எழுந்து சுவரைப் பிடித்தபடி வந்தாள். "யாரது? மீனா இப்பிடி ஊத மாட்டாளே."

"நான்தாம்மா. செல்வி."

கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். "நீ இருக்கியா? அப்போ... மீனாவா போனா?"

ஆமாம் என்றேன். அப்போதுதான் உனக்காக அழுதாள், அக்கா. ஷோபா மாடியிலிருந்து ஓடி வரும் அளவுக்கு அழுதாள். உன் படத்தை நானே நிமிர்த்தி வைத்தேன். ஒரு சுரத்தைச் சரியாக ஊதி உன்னை இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பிவிட்டேனோ என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆனால் நீ போனாயா?

அதன் பிறகு அம்மா என்னை மாற்றிக் கூப்பிடவே இல்லை. அதனால்தான் நேற்று நடந்ததை உனக்கு எழுதுகிறேன். நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கதவு வழியே தெரிந்த அறையில் அம்மா மட்டும்தான், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தாளம் போடுவதுபோல் கட்டிலில் தட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்துச் செல்லமாகச் சொன்னாள்: "போதும்ட்டி மீனா. செல்விக்கும் கொஞ்சம் குடு."

ஓடிப்போய் மேஜை மேலிருந்த விசிலை எடுத்தேன். வாய்வைக்கும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது. ஜன்னல் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று முழுக்க மழை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அக்கா, நீ பாதியில் விட்ட பாட்டை நாளைக்கு ஆரம்பிக்கிறேன். முழுசாகக் கற்றுக்கொள்வேன், இது சத்தியம். நீ வந்து ஊதினாலும் எனக்குக் கோபமில்லை. அம்மாவை மட்டும் உன்கூடக் கூப்பிடாதே. அவளைக் கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் இங்கேயே இருக்கும் உன் தங்கச்சி,
செல்வி