அரைத் தேக்கரண்டி பாயாசம்

யூலை 12, சனி

காலை நடை 22 நிமிடம். இரத்த அழுத்தம் 134/82. மழை இல்லை.

மகன் கஜீவன் விட்பியிலுள்ள தன் வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசினான். திங்கள் தொடக்கம் ஐந்து நாள் விடுமுறை எடுத்திருக்கிறானாம். எட்டு மாதக் குழந்தையுடன் விமானத்தில் போகத் துணிவில்லை. ஆகவே ரொறன்ரோ நகர மையத்திலேயே இரண்டு அறையுள்ள இடம் ஒன்றை எடுத்து, வெளியூர்க்காரரைப் போல் சுற்றிப் பார்த்து, கடைகளில் சாப்பிடுவதாகத் திட்டம். "நீங்களும் வாங்கோ அப்பா. முப்பத்தொரு வருசமா ஸ்காபரோவில இருந்துகொண்டு டவரில ஏறினதில்லை எண்டால் ஆரும் நம்பமாட்டினம்."

பிறகு குரலைக் குறைத்து இன்னொன்றும் சொன்னான். நவம்பரில் மருமகள் ரோகிணி வேலைக்குத் திரும்ப வேண்டும். டேகேரில், அதாவது பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில், ஓரிடம் கிடைத்திருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார்கள். அது வேண்டாமென்றால் கிழமை நாட்களில் நான் போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். "அவவுக்கு விருப்பமில்லை எண்டில்லை அப்பா. அஞ்சு நாள் உங்களோட ஒண்டா இருந்து பாப்பம் எண்டுறா."

அதாவது பரீட்சை. எழுபத்தாறு வயதில்.

எனக்கு அது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டேன். ஓம் என்ற பதில் வந்த விரைவைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

யூலை 13, ஞாயிறு

பையில் வைத்தவை: மாத்திரைகள், பூதக்கண்ணாடி, மூன்று சேட், இந்தக் குறிப்பேடு, பேனா இரண்டு (ஒன்று எழுதாமல் போனால்).

யூலை 14, திங்கள்

பத்தொன்பதாம் மாடி. யன்னலில் ஏரி தெரிகிறது. எனக்குத் தனி அறை தந்திருக்கிறார்கள். குளியலறைக் கதவின் பூட்டு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரோகிணி சென்னைப் பெண். மென்பொருளில் பிழை தேடுவது அவள் தொழில். வந்ததும் முதல் வேலையாகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு பட்டியலை ஒட்டினாள். பேத்தி அட்சயா இதுவரை சாப்பிட்டுப் பழகிய பதினொரு உணவுகள். பன்னிரண்டாவது தயிர், இன்று தொடக்கம்.

"ஒரு புது அயிட்டம், மூணு நாள். அந்த மூணு நாளும் வேற எதுவும் புதுசாக் கிடையாது மாமா. அப்பத்தான் ஏதாவது ஒத்துக்கலைன்னா எதனாலன்னு தெரியும். எவ்வளவு அழுதாலும் லிஸ்ட்ல இல்லாதது வாய்க்குப் போகக் கூடாது."

"நல்ல முறை, பிள்ளை" என்றேன். மரியாதைக்குச் சொல்லவில்லை. நில அளவைத் திணைக்களத்தில் நான் படம் வரைந்த காலத்தில் நாங்களும் ஒரு நேரத்தில் ஒரு கோட்டைத்தான் திருத்துவோம். இரண்டைத் திருத்தினால் பிழை எங்கிருந்து வந்தது என்று தெரியாமற் போகும்.

பட்டியலை இதில் பிரதி எடுத்து வைத்தேன்.

யூலை 15, செவ்வாய்

டவர் என்கிற அந்த உயரக் கோபுரத்தில் ஏறியாயிற்று. கண்ணாடித் தரையில் பிள்ளையைக் குப்புற விட்டுக் கஜீவன் படம் எடுத்தான். கீழே கார்கள் எறும்பாகப் போக, அவள் கண்ணாடியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். "மாமா, அட்சயாவே பயப்படலை" என்றாள் ரோகிணி. அட்சயாவுக்கு உயரம் என்றால் என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும்.

அவர்கள் பீற்சா வாங்க வரிசையில் நின்ற பதினாறு நிமிடமும் பிள்ளையின் தள்ளுவண்டி என் பொறுப்பில் இருந்தது. ரோகிணி நான்கு தரம் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை நித்திரை. நான் செய்தது ஒன்றுமில்லை. ஆனால் பிழையும் விடவில்லை.

யூலை 16, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ரோகிணிக்கு வாழையிலைச் சாப்பாட்டில் ஆசை. காரில் ஸ்காபரோவுக்கே வந்து, அவளுடைய ஊர் முறையில் பரிமாறும் கடையொன்றில் மத்தியானம் சாப்பிட்டோம். அவர்கள் வழக்கத்தில் பாயாசம் முதலிலேயே இலைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் கடைசியில்தான் எதிர்பார்ப்போம். ஆகவே என் இலையோரம் ஒரு கிண்ணம் பாயாசம் தொடாமல் இருந்தது. பிள்ளை பக்கத்தில் உயரக் கதிரையில் இருந்தாள்.

வேலையிடத்திலிருந்து அழைப்பு வர, கஜீவன் வெளியே போனான். அட்சயா கரட் மசியலைத் தும்மி ரோகிணியின் சட்டை முழுக்கத் தெறிக்க வைத்தாள். "ரெண்டே நிமிஷம் மாமா" என்று அவள் கழுவப் போனாள். கரட் முடிந்துவிட்டது. பிள்ளை அழத் தொடங்கினாள். கடை முழுதும் திரும்பிப் பார்த்தது. கிலுகிலுப்பையைக் காட்டினேன், தட்டிவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரர் ஒருவர், "அங்கிள், பிள்ளை உங்கட கிண்ணத்தைத்தான் பாக்குது. ஒரு சொட்டு வையுங்கோவன். நாங்களெல்லாம் லிஸ்ட் பாத்தே வளந்தனாங்கள்?" என்றார். அவரோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டியலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று முன் மேசையில் ரோகிணி அதைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

பாயாசத்தில் மிதந்த கஜுப் பருப்பை எடுத்து இலையில் ஒதுக்கினேன். மிகுதி பாலும் சவ்வரிசியும்தானே என்று நினைத்தேன்.

1.10. அரைத் தேக்கரண்டி. ஒரு தரம்.

கரண்டியை வெளியே எடுக்கையில் 'டிக்' என்று ஒரு சத்தம். கீழ் முரசில் வெள்ளையாக ஒரு கோடு. முதற் பல். அழுகை நின்றுவிட்டது. ரோகிணி திரும்பி வந்து, "அட, சமர்த்தா இருக்காளே. மாமா கைராசி" என்றாள். பல்லைச் சொன்னால் கரண்டியைச் சொல்ல வேண்டிவரும். இரண்டையும் சொல்லவில்லை.

1.40. காரில் வாயைச் சுற்றிச் சிவப்புத் தடிப்பு. 1.50. இடது கண் இமை வீக்கம். நேரே ஆஸ்பத்திரி.

டொக்டர் இளம் பெண். புதிதாக ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். ரோகிணி கைபேசியிலிருந்த பட்டியலைக் காட்டினாள்: தயிர், மூன்றாம் நாள். வேறு ஏதாவது? ஒன்றுமில்லை என்றாள். டொக்டர் கஜீவனைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறச் சதுரக் கற்கள்.

மருந்து கொடுத்து நான்கு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். வீக்கம் வடிந்தது. மூச்சில் குறையில்லை. குடும்ப டொக்டரைப் பார்க்கும்வரை தயிர் வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பதால் ரோகிணியும் பால், தயிர் தவிர்ப்பது நல்லதாம்.

சொல்லு. சொல்லன். வாய் ஏன் வரேல்லை? ரோகிணி தான் குடுத்த தயிராலதான் எண்டு நினைச்சு அழுதுகொண்டு இருக்கேக்கை பக்கத்திலதானே இருந்தனீ —

மூச்சுத் திணறியிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுத விருப்பம்.

யூலை 17, வியாழன்

தடிப்பு முழுதாக மறைந்துவிட்டது. ஏரியிலுள்ள தீவுக்குப் படகில் போனோம். காற்று.

படகில் ரோகிணி பிள்ளையின் வாயைத் துடைக்கும்போது பல்லைக் கண்டாள். "கஜீ, பல்லு. நான்தான் முதல்ல பார்த்தேன், நானே." எழும்பி நின்றுவிட்டாள். முன்னால் இருந்த சீனத் தம்பதி கை தட்டினார்கள். நான் எட்டிப் பார்த்து, "ஓம், பல்லுத்தான்" என்றேன். அது ஒரு பொய்தான்.

"அப்ப பல்லுக்கொழுக்கட்டை அவிக்கவேணும்" என்றான் கஜீவன். பிள்ளையின் தலையில் சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டி, முன்னால் பேனா, புத்தகம் எல்லாம் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்க்கும் எங்கள் வழக்கத்தை விளக்கினான். "கொழுக்கட்டையைத் தலையிலயா கொட்டுவீங்க? சாப்பிட மாட்டீங்களா?" "கொட்டிப்போட்டுத்தான் சாப்பிடுறது."

திரும்பி வந்ததும் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ப் பெட்டியை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சாப்பிட்டு முடிச்சிருங்க மாமா. நான் பிறந்ததுலேர்ந்து தயிர் இல்லாம ஒரு நாள் சாப்பிட்டதில்லை. பரவால்ல, அவளுக்காகத்தானே."

சாப்பிட்டேன். நல்ல தயிர்.

இதை எழுதிப் பார்க்கிறேன்: இரண்டு நாள் தயிரில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பாயாசத்துக்கு அரை மணித்தியாலத்தில் தடிப்பு. பாயாசத்திலுள்ள பால் தயிரிலும் இருக்கிறது. ஆகவே பால் அல்ல. வேறு ஏதோ. அது என்னவென்று தேட ஒருவருக்கும் தெரியாது, என்னைத் தவிர.

நாளை காலை சொல்வது.

யூலை 18, வெள்ளி

காலையில் சொல்லவில்லை. எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்து, சொல்லவில்லை.

8.30க்குக் கஜீவன் கடைக்குப் போய் வந்தான். "ரோகி, பால் இல்லாத யோகட் கிடைச்சிட்டுது. பிள்ளைக்கும் உமக்கும்." அவளுக்குச் சந்தோசம். பட்டியலில் பதின்மூன்று என்று எழுதினாள். நான் மேசையிலிருந்த பெட்டியைப் பூதக்கண்ணாடியில் வாசித்தேன். எதையும் வாசிப்பது என் பழக்கம். முதல் சேர்மானம் கஜு. அவள் சொல்லும் முந்திரி.

இலையோரம் ஒதுக்கிய அந்த ஒற்றைக் கஜு ஞாபகம் வந்தது. மிதந்ததை எடுத்தேன். கரைந்திருந்ததை?

ரோகிணி கரண்டியில் எடுத்துவிட்டாள். பிள்ளை வாயைத் திறந்துவிட்டாள். நான் கரண்டியின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். யோகட் கையெல்லாம் பட்டது.

"என்ன மாமா?"

"குடுக்காதை பிள்ளை. புதன்கிழமை நான் அவளுக்குப் பாயாசம் குடுத்தனான்."

ரோகிணி கரண்டியைக் கீழே வைத்தாள். பிள்ளை மேசையைத் தட்டினாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் ரோகிணி. குரலில் ஒன்றுமே இல்லை. "எவ்வளவு?"

நினைவில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் பிழைக்கும் என்று பயந்து, அறைக்குப் போய் இந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். இரண்டு தரம்.

"அப்பா, அந்த டொக்டர் எல்லாரையும் கேட்டவதானே" என்றான் கஜீவன். "நீங்கள் என்ர பக்கத்திலதான் நிண்டனீங்கள்."

"ஓம்."

"ஓம் எண்டால்?"

"பயத்தில தம்பி."

ரோகிணி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தாள். சாப்பாட்டுக் கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். பாயாசம் கெட்டியாக வருவதற்கு முந்திரியை அரைத்து விடுவார்களாம். பிறகு ஆஸ்பத்திரித் தாதி ஒருவரிடம் தொலைபேசியில் என் பக்கத்தை ஆங்கிலத்தில் சொன்னாள்: ஒன்று பத்து, அரைத் தேக்கரண்டி, ஒன்று நாற்பது, ஒன்று ஐம்பது. முந்திரியும் மற்றக் கொட்டைகளும் பரிசோதனை முடியும்வரை கூடாது. தயிர் பரவாயில்லை.

கடைசியாக என்னிடம், "பல்லையும் நீங்கதான் முதல்ல பார்த்தீங்களா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"நான் படகுல குதிச்சப்போ சும்மா பார்த்துட்டிருந்தீங்க."

குறிப்பேட்டை வாங்கி மூடினேன்.

பிற்பகல் மீன் காட்சியகத்துக்குப் போனோம். நுழைவுச் சீட்டு முன்னமே எடுத்தாகிவிட்டது. தலைக்கு மேல் சுறாக்கள் போயின. தள்ளுவண்டியை ரோகிணியே தள்ளினாள்.

யூலை 19, சனி

வீடு. 151/90.

யூலை 31, வியாழன்

டேகேருக்குப் பதில் சொல்லும் கடைசி நாள். அழைப்பு வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 9, சனி

விட்பியில் பல்லுக்கொழுக்கட்டை. கஜீவன் வந்து கூட்டிப் போனான். பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம்: கஜுவும் பிஸ்தாவும். பாலில் பிழை இல்லை.

வெள்ளைத் துணியின் கீழ் பிள்ளை முழித்துக்கொண்டிருக்க, கஜீவன் கொழுக்கட்டைகளைக் கொட்டினான். பேனா, புத்தகம், சீப்பு, கைபேசி, காப்பு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உருண்டு வந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். வந்திருந்தவர்களில் நான்கு பேர் பாய்ந்து பிடித்தார்கள். நான் பாயவில்லை. அரிசிமாவும் பயறும் சர்க்கரையும் தேங்காயும் என்று அவிக்கும்போதே கேட்டு எழுதியிருந்தேன்.

கை கழுவுமிடத்தில் ரோகிணி வந்து நின்றாள். "டேகேர் வேணாம்னு போன மாசமே சொல்லிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்க ரெண்டு நாள் சொல்லாம இருந்தீங்க. நான் ஒன்பது நாள்." சிரிக்கவில்லை. "செஞ்ச தப்பை மணி போட்டு எழுதி வைக்கிற ஆளை நான் வேற எங்க போய்த் தேடுவேன். ஆனா தினமும் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவேன் மாமா. நோட்டைப் பார்த்துத்தான் படிக்கணும். மனசுலேர்ந்து சொல்லக் கூடாது."

"ஓம்" என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

காலை றெயினில் விட்பி. எல்லோரும் நகரத்துக்கு வர, நான் எதிர்ப்பக்கம். பெட்டியில் ஏழு பேர்.

பிள்ளையின் சாப்பாட்டுக்குத் தனிக் குறிப்பேடு வாங்கி நேரம், உணவு, அளவு என்று கோடு போட்டிருக்கிறேன். சரியாகப் பன்னிரண்டுக்கு ரோகிணி அழைத்தாள். வாசித்தேன்.

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

"சரி மாமா."

நவம்பர் 18, செவ்வாய்

அழைப்பு 12.00. "வேற?" "வேற ஒண்டுமில்லை."

நவம்பர் 26, புதன்

அழைப்பு 12.00. பிள்ளை என் மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை முறித்தாள். அதையும் வாசித்தேன். மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது மாதிரி இருந்தது, நிச்சயமில்லை.

டிசம்பர் 11, வியாழன்

பனி. றெயின் ஒன்பது நிமிடம் பிந்தியது.

11.40க்குச் சோறு, பருப்பு, தயிர். 12.00க்குக் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு இருந்தேன். அழைப்பு வரவில்லை. 12.10க்குத் தொலைபேசியில் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். குறையவில்லை. நான் எடுக்கலாமா என்று யோசித்து எடுக்கவில்லை. கூட்டமாக இருக்கலாம். 12.30க்குப் பிள்ளை நித்திரை. 1.15க்கும் அழைப்பில்லை.

5.50க்கு ரோகிணி வந்தாள். சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, பிள்ளையைத் தூக்கினாள். "பசிக்குது மாமா. சோறு இருக்கா?" இருக்கிறது என்றேன். தயிர்ப் பெட்டியை எடுத்து வந்து, மேசையில் திறந்து கிடந்த குறிப்பேட்டைப் பார்க்காமலே அதன் மேல் வைத்துவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

பெட்டியை நகர்த்தி, பக்கத்தில் பட்ட ஈரத்தைத் துடைத்தேன். மை கொஞ்சம் பரவிவிட்டது. 11.40 என்பதை வாசிக்க முடிகிறது.