சின்னத்துரைக்கு வைத்த கிழங்கு

ஐப்பசி 9, செவ்வாய்.

தம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூடியபோது அவன் என் மனைவியிடம், "அண்ணி, சின்னத்தொரைக்கு ரெண்டு மரவள்ளிக் கிழங்கு ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றான். அது எங்களை மேய்க்க வந்திருக்கும் புது மண்டோர் காதில் விழுந்தது. ஓடிப்போன வெள்ளைக்காரச் சின்னத்துரையை, தோட்டத்து உதவி மேனேஜரை, காட்டில் ஒளித்துவைத்துச் சோறு போடுகிறான் என்று ஜப்பான்காரனிடம் சொல்லிவிட்டான்.

சின்னத்துரை என் மகன். நாலு வயது. பிறந்தபோது சிவப்பாக இருந்தான், அழுதே எல்லாரையும் வேலை வாங்கினான் என்று கூலி லயத்தில் வைத்த பெயர். ஜப்பான்காரன் வந்த பிறகு அந்தப் பெயர் ஆபத்து என்று நான்தான் மறக்கடித்தேன். கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்பினால் பிரம்படி. பையன் பத்து நாளில் படிந்துவிட்டான். தம்பிக்குத்தான் வாய்ப்பழக்கம் போகவில்லை.

மத்தியானம் பையனைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். "இவன்தாங்க சின்னத்தொரை. கூப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

மண்டோர் குனிந்து, "சின்னத்தொரை, இங்க வா" என்றான்.

பையன் அவனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான்.

"அது நான் இல்ல. என் பேரு செல்வராசு."

நான் சொல்லிக்கொடுத்தபடியே, திக்காமல் சொன்னான். அதற்குப் பிறகு நான் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. சாட்சிக்குக் கூப்பிட்ட லயத்துச் சனம் பயந்து கதவைச் சாத்திக்கொண்டது.

கிழங்கு இரண்டும் அடுப்படியில் அப்படியே இருக்கின்றன. தூங்குமுன் பையன் கேட்டான்: "இன்னிக்கு சரியாத்தானே சொன்னேன்பா?"

சரியாகத்தான் சொன்னாய் என்றேன்.