தீவன அறை எண்ணெய்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
ஞாயிறு காலை.

மாப்பிள்ளை சரவணக்குமார் அவர்களுக்கு,

அத்தையின் ஆசிகள். சத்தீஸ்கரில் போர்வெல் போடும் வேலை தடையில்லாமல் நடக்கும் என்று நம்புகிறேன். நேற்று நான் போன் செய்தபோது ரிக் சத்தத்தில் "கேக்கலீங்க அத்தை" என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கத்திச் சொல்லக்கூடிய விஷயம் அல்ல. ஆகவே அங்கே பைப் ஏற்றி வரும் டிரைவர் ராசுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

அறிவுச்செல்வி என்னோடு இருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதலாம். ஆனால் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

புதன்கிழமை சொல்லாமல் திருச்செங்கோட்டுக்குப் போனேன். வீடு திறந்து கிடந்தது. கோழிப்பண்ணைப் பக்கம் போய்ப் பார்த்தால், தீவன அறையில் என் மகள் கேனைச் சாய்த்து, கோழித் தீவனத்தில் கலக்கிற மீன் எண்ணெயைக் குழம்புக் கரண்டியில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறாள். மனிதர் உபயோகத்துக்கு அல்ல என்று அந்தக் கேனில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் படித்த கான்வென்டிலேயே அவளையும் படிக்க வைத்தேன்.

கேட்டதற்குச் சிரிக்கிறாள். "ஏம்மா, கோழி குடிச்சுப்போட்டு நல்லாத்தான முட்டை போடுது? உங்க மாப்பிள்ளைதான் குடிக்கச் சொன்னாரு" என்றாள். தன் முடக்குவாதத்துக்கு மீன் எண்ணெய் நல்லதாம் என்று அவள் உங்களிடம் சொன்னாளாம். "கோழிக்கே ஊத்தறோம், நீயும் ஒரு கரண்டி ஊத்திக்கோ சாமி" என்றீர்களாம். நீங்கள் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அது எனக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியவில்லை.

சேலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கையிலும் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. அன்று மாலை மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. துண்டு நனைந்தும் நிற்கவில்லை. போன வருடம் காலில் ரத்தக்கட்டு வந்ததிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்க அவள் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது உங்களுக்கும் தெரியும். வாடகைக் கார் வைத்து நேரே சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. மீன் எண்ணெயால் மூட்டு வலியும் விறைப்பும் கொஞ்சம் குறையலாம் என்றுதான் சொன்னார். ஆனால் மனிதர்களுக்கென்று சோதித்து அடைத்த மாத்திரையாக இருக்க வேண்டும். அளவை டாக்டர் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவள் கேட்காமல் தொடவே கூடாது. கேனில் இருப்பது கெட்டுப் போயிருக்கிறதா, அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாதாம். இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. எண்ணெய் இருக்கிறதே என்று, வாரம் ஒருமுறை போடும் மூட்டு மாத்திரையையும் இவள் நிறுத்தியிருக்கிறாள். விரல்கள் வீங்கி, காபி டம்ளரைக்கூட உள்ளங்கைகளால்தான் எடுக்கிறாள். அந்தக் கையோடுதான் உங்கள் பண்ணையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ரத்தம் நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு நாளை வரும். மூட்டு மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

இதோடு முடிந்தது என்றிருந்தேன். நேற்று மாலை அவள் பையை அடுக்கும்போது, சேலைக்குள் சுருட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்று கிடைத்தது. நிறைய அதே எண்ணெய். டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகும்! கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. "தெனமும் போன்ல குடிச்சியான்னு கேப்பாரும்மா. அவரு ஒரு நாளும் விடாம என்னைக் கேக்கறது அது ஒண்ணுதான்" என்றாள். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் கொடுத்த நாளிலிருந்து உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ரிக்கை ஆட்களிடம் விட்டுவிட்டு ஒரு வாரம் வாருங்கள். முடியாவிட்டால் இதைப் படித்ததும் அவளைக் கூப்பிட்டு, அந்த எண்ணெயைத் தொடாதே என்று சிரிக்காமல் சொல்லுங்கள். என் பேச்சும் டாக்டர் பேச்சும் உங்கள் பேச்சுக்கு அப்புறம்தான்.

இனி போன் செய்யும்போது குடித்தாயா என்று கேட்காதீர்கள். வேறு ஏதாவது கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

நீங்களும் உங்கள் ஆட்களும் நலமாக ஊர் வந்து சேர ஆண்டவன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தை கந்தம்மாள்