முதுகுப் பையும் பிரிக்காத கடிதமும்

7.6.76 திங்கள். ஸ்பிரிங்வேல்.

காலையிலிருந்து மழை. வெள்ளி பின்னேரம் கென்னோடு மலைக்குப் போவதாக ஏற்பாடு. கென் என்னோடு பட்டறையில் வேலை செய்கிறவன். மூன்று இரவு, மரை மான் வேட்டை. அடுத்த திங்கள் விடுமுறை. எந்தப் பை என்று இன்னும் முடிவில்லை.

பழைய கன்வஸ் பை: சத்தமில்லை. ஆனால் பாரம் முழுக்கத் தோளில். போன வருடம் இரண்டு கிழமை கையைத் தூக்க முடியவில்லை.
அலுமினியச் சட்டப் பை (கென் இரவல் தந்தது): இடுப்புப் பட்டி உண்டு. பையைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தில் இறைச்சி கட்டலாம். நடந்தால் கிறீச் என்கிறது. மரை கேட்டால் ஓடிவிடும்.

வீட்டுக்கு வந்தால் ஊரிலிருந்து வான்தபாலில் ஒரு கடிதம். நான் வீடு மாறியதால் பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றி வந்திருக்கிறது. உறையில் அக்காவின் எழுத்து. நான் இந்த நாட்டுக்கு வந்த நான்கு வருடமாக விலாசம் எழுதுவது என் தகப்பன், ஐயாதான். போன மாதக் கடிதத்தில், ஆசுப்பத்திரியில் இருக்கிறேன் என்று அவரே எழுதியிருந்தார்.

பிரிக்கவில்லை.

9.6 புதன்.

குளிர். சட்டப் பையில் அரிசி மூட்டையை வைத்துக் கட்டி வளவைச் சுற்றிப் பத்துத் தரம் நடந்தேன். பட்டியை இறுக்கினால் பாரம் இடுப்புக்கு இறங்குகிறது, தோள் சும்மா இருக்கிறது. அறைத் தோழன் யோகன் குசினி வாசலில் நின்று பார்த்துச் சிரித்தான்.

"அண்ணை, கதிர்காமத்துக்கோ காவடி?"

பிறகு உள்ளே மேசையில் பிரிக்காமல் கிடந்த கடிதத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"உடைச்சுப் பாருங்கோவன். என்னத்துக்குப் பயப்பிடுறியள்?"
"வந்து பாக்கிறன்."
"ஐயாவுக்கு ஏதும் எண்டால்?"
"எண்டால் தந்தி வந்திருக்கும்."
"தந்தி பழைய வீட்டுக்குப் போயிருந்தால்?"

அரிசி மூட்டையை இறக்கி வைத்தேன். அவன் சொன்னதைத்தான் நானும் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். செய்தி தெரிந்தால் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள் மச்சம் மாமிசம் இல்லை, வேட்டை எங்கே. தெரியாதவனுக்குத் துடக்கு இல்லை. இப்படியும் ஒரு மகன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பிரிக்கவில்லை.

10.6 வியாழன்.

சட்டப் பைதான். இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்துச் சட்டத்தின் மூட்டுகளில் சுற்றினேன். சத்தம் போய்விட்டது.

உள்ளே: படுக்கைப் பை அடியில். அரிசி 2 கிலோ, பருப்பு, ரின்னில் அடைத்த மீன் 4, தேயிலை, சீனி. உப்பு (தோலுக்கு). கயிறு. கத்தி 2. இறைச்சிக்குப் பழைய மாச்சாக்கு 6. கூடாரம் கென்னிடம், அடுப்பு என்னிடம். மொத்தம் 19 கிலோ. தோசை மாவு கொண்டுபோக நினைத்தது மடத்தனம், விட்டாயிற்று.

கடிதம் மேசையிலேயே.

14.6 திங்கள். பின்னேரம்.

வந்து சேர்ந்தேன். கால் முழுக்கக் கொப்புளம். நேற்றுக் காலை ஒரு கிடா மரை, என் வெடிதான். கென் முதுகில் தட்டினான். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. மூன்று நாளும் காட்டில் அக்காவின் எழுத்துத்தான் கண்ணுக்குள்.

பை பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது.

குளிக்காமலே கடிதத்தைப் பிரித்தேன். யோகன் பக்கத்தில் நின்றான்.

"ஐயாவுக்குக் கை நடுங்குது, பேனை பிடிக்கேலாது. அதுதான் நான் எழுதுறன். உன்ர குரலை ஒருக்காக் கேக்க வேணுமாம், வேற ஒண்டும் வேண்டாமாம். 13ஆம் திகதி ஞாயிறு காலமை பத்து மணிக்குச் சந்திக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போறம். அங்கை ரெலிபோன் இருக்கு. நம்பர் கீழே. நீ எடுக்குமட்டும் இருப்பம்."

அங்கே பத்து என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. நேற்று இரண்டரைக்குச் சட்டத்தில் தொடை இறைச்சியைக் கட்டிக்கொண்டிருந்தேன். இருட்ட முதல் கூடாரத்துக்கு இறங்க வேண்டும், மணி என்ன என்று கென் கேட்டான். நான்தான் பார்த்துச் சொன்னேன்.

15.6 செவ்வாய்.

வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே சந்திக் கடை ரெலிபோனுக்கு ரங்க் கோல் பதிந்தேன். பின்னேரம் மூன்றுக்குத்தான் கிடைத்தது. கடைக்காரர் எடுத்தார். கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பது போலக் குரல்.

"உங்கட ஐயா ஞாயிற்றுக்கிழமை வந்தவர், தம்பி. கடை பூட்டுமட்டும் கதிரையை விட்டு எழும்பேல்லை. சாப்பாடும் வேண்டாமெண்டிட்டார்."
"இப்ப கூட்டிக்கொண்டு வரேலுமோ? நான் திரும்ப எடுக்கிறன்."
லைன் இரைந்தது.
"நேற்று விடியக் கொண்டுபோய் ஆசுப்பத்திரியில விட்டவை. உயிர் இருக்கு. பேச்சு இல்லை."

மூன்று நிமிடம் முடிந்தது என்றாள் ஒப்பரேற்றர். இன்னும் பேச வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.