நாடா உன்னுடையதுதான், பாய்

பாய்,

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு சாம்ராஜ்யம் சரியப் பார்த்தது. என் அரைக்கால் சட்டையின் நாடா உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, மறு கையால் ஊக்கு தேடிக்கொண்டு நான் வீட்டைச் சுற்றிய சுற்றில் பூமியே ஒரு சுற்று குறைவாகச் சுற்றியிருக்கும். வீட்டம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். “பாய் இருந்தா ரெண்டு நிமிஷத்துல கோத்துக் குட்த்திருப்பாரு” என்றாள். சொன்ன பிறகு அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எதிர்ச்சாரியில் உன் தையல் கடை மூடிக் கிடக்கிறது. என் தறியின் சத்தத்துக்குப் பதில் சத்தம் போட ஆளில்லை.

நமக்குள் நடந்த யுத்தம் உலகம் அறியாதது. அறிந்திருந்தால் இரண்டு உலக யுத்தங்களையும் சில்லறைத் தகராறு என்று ஒதுக்கியிருக்கும். ஆரணியில் ஒரே தெருவில் இரண்டு நாடா. தறியில் ஊடை நூலைச் சுமந்து இப்பக்கமும் அப்பக்கமும் பறக்கும் மரத்துண்டு என் நாடா. பாவாடையிலும் பைஜாமாவிலும் ஓடும் துணிப்பட்டை உன் நாடா. முதலில் வந்தது எது? சொல் யாருடையது? முப்பது வருடம், தினமும் சாயங்கால டீ ஆறும் வரை இதே வழக்கு. தோற்றவன் நடுத்தெருவில் நின்று மூன்று முறை உரக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது பந்தயம்.

“இன்னா மச்சான், உன் நாடா இல்லேன்னா பொடவதான் இல்ல. என் நாடா இல்லேன்னா ஊரு மானமே இல்ல. எது பெருசு, சொல்லு?”

“பாய், மானத்த மறைக்கிற துணியையே என் நாடாதான் நெய்யுது!”

பக்கத்து ஊர் முள்ளிப்பட்டில் தறி போட்டவர்களெல்லாம் கையை நிறுத்திக் காது கொடுத்தார்கள் என்று நான் சொன்னால் நீ நம்பமாட்டாய். நம்பாதே.

சாட்சிகளும் வந்தார்கள். சித்தூரிலிருந்து வந்த நூல் தரகர், தெலுங்கில் நாடா என்றால் குதிரை லாடம் என்றார். “போச்சுடா, குதிரையும் கேசு போட வந்துடுச்சி” என்றாய். பிறகு செய்யாறு கம்பெனியில் வேலை செய்யும் என் மருமகன் கைபேசியில் துழாவினான். கிட்டத்தட்ட இதே ஓசையில் ஸ்பெயின்காரர்களுக்கு ஒரு சொல் இருக்கிறதாம். அதற்கு ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தம். செர்பியாக்காரர்களுக்கும் ஒன்று இருக்கிறதாம், அதற்கு ‘நம்பிக்கை’. எல்லாம் வேறு வேறு வேர்; சத்தம் மட்டும்தான் சொந்தக்காரச் சத்தம். நீ தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்பு சொன்னாய்: “அப்போ ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாம் மச்சான். ஒண்ணுமில்லாதது உனக்கு, நம்பிக்கை எனக்கு.”

இவ்வளவு சிரித்த நட்பில் எனக்கு ஒரே ஒரு முள். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் என் தறியில் நெய்த பட்டில் ஒரு சட்டைத் துணி உனக்குத் தருவேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். ஆனால் ஒரு வருடம்கூட உடுத்தியதில்லை. என் கைவேலை உன் உடம்புக்கு ஆகவில்லையோ என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன். வாயாடி நான், இதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, நீ ஆமாம் என்றுவிட்டால்?

உன் கடைசி நாளன்று, உன்னைச் சுற்றிய வெள்ளைத் துணியை மூன்று இடத்தில் கட்ட நாடா வேண்டும் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஓடினேன், பாய். இந்த மூட்டுவலிக் கால்களால் ரயிலை முந்தினேன். தறிக்குப் பக்கத்தில் வைத்திருந்த என் மிக உயர்ந்த பட்டில் மூன்று பட்டைகள் வெட்டி, மடித்து, ஓரம் பிசிறில்லாமல் கொண்டுவந்து நீட்டினேன். இப்போதாவது என் பட்டு உன் மேல் ஏறட்டும் என்ற பேராசை.

உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, பட்டு கூடாது. எங்கள்ல ஆம்பளைங்க உடுத்தவே மாட்டோம், உங்களுக்குத் தெரியாதா?”

முப்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து, ஸ்பெயின்வரை போய் விசாரித்தவனுக்கு, எதிர்வீட்டு வழக்கம் தெரியவில்லை.

“அவன் ஒரு வார்த்த சொல்லலியே?”

“சொன்னா மச்சான் குடுக்கறத நிறுத்திடுவாரு, மனசு சங்கடப்படுவாருன்னு சொல்வாருண்ணே. எல்லாத்தையும் பொட்டியில வெச்சிகினு கீறாரு. பெருநா அன்னிக்கி எடுத்துப் பாத்துட்டு, திருப்பி மடிச்சி வெப்பாரு.”

பட்டைகளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் வெள்ளைப் பருத்தித் துணியின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். “நீங்க புடிங்க, நான் கிழிக்கிறேன்.” சர்ரென்று கிழிந்தது. நாடா வந்தது. “கொஞ்ச நேரத்துக்குத்தான் இந்தக் கட்டு. குழிக்குள்ள வெச்சதும் அவுத்துடுவோம்” என்றார்.

இப்போது என் குற்றத்தையும் கேட்டுக்கொள். எட்டு வருடத்துக்கு முன்பே நூலகத்தில் ஒரு தடித்த அகராதியைப் புரட்டிவிட்டேன். நாடா, துணிப்பட்டையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல் என்று போட்டிருந்தது. ஜெயித்தவன் நீ. வழக்கு முடிந்தால் சாயங்காலம் நீ எதற்காக வருவாய் என்று பயந்து புத்தகத்தை மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் இன்னும் உரக்கக் கத்தினேன்.

வேண்டாம் என்று திரும்பிய அந்தப் பட்டுப் பட்டைகளில் ஒன்றைத்தான் என் அரைக்கால் சட்டையில் கோத்திருக்கிறேன். பட்டு வழுக்கும், தினமும் அவிழும், உள்ளே ஓடும். பருத்தி போடு என்கிறாள் வீட்டம்மா. மாட்டேன்.

இன்று ஊக்கைப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டு, உன் மூடிய கடைமுன் நடுத்தெருவில் நின்றேன். பந்தயம் பந்தயம்தான். இரண்டு முறை கத்தினேன். பால்காரர் சைக்கிளோடு ஒதுங்கிப் போனார். மூன்றாவது முறைக்குக் குரல் எழும்பவில்லை. அதனால் அதை எழுதித் தருகிறேன்.

நாடா உன்னுடையதுதான், பாய்.